இடது பக்கச் சக்கரம்

எங்கள் மோட்டார் குழாயின் நட்டை இறுக்கி முடித்ததும் மணிகண்டபிரபு எழுந்துவிட மாட்டான். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுப்பான். மூடியைப் பல்லால் கழற்றுவான். காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பான். பிறகு நட்டின் மேல் தொடங்கிக் குழாய் வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு. கோடு எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே விழும், ஏனென்றால் அதை இடது கையால் போடுகிறான். வலது கை அதற்குள் கால்சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிருக்கும்.

என் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். முப்பதைத் தொட்டிருப்பான், ஆனால் முகத்தில் இன்னும் ஐடிஐ முடித்த அன்றைய பயம் இருக்கிறது. இந்த வீட்டில் அவன் கோடு விழாத திருகாணி கிடையாது. மாடிக் கதவின் கீல், பைக்கின் கண்ணாடி, தையல் மிஷின், என் குக்கரின் கைப்பிடி. "இன்னா காந்தி, வூட்டுக்கே மஞ்சக்காமாலயா?" என்று என் பெயரைச் சொல்லி என் வீட்டுக்காரர் கோபால் ஆரம்பத்தில் கேலி செய்தார். ஒருநாள் அவரே மோட்டார் நட்டை இடுக்கியால் லேசாகத் திருகிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவன் கால் கழுவும்போதே கேட்டான்.

"யக்கா, இதை ஆரு திருவுனா?"

போய்ப் பார்த்தேன். நட்டின் மேலிருந்த கோடும் குழாயின் மேலிருந்த கோடும் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தன. அவ்வளவுதான் அந்தக் கோட்டின் வேலை. இறுக்கியாகிவிட்டது, இறுக்கியவன் இன்னார், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று அது சொல்லும். தொட்டால் உடைந்துபோகும். அன்றிலிருந்து கோபால் தன் வீட்டு மோட்டாரைத் தன் கையால் தொடுவதில்லை.

பழக்கம் ஒரகடத்தில் வந்தது. அங்கே ஒரு லாரி கம்பெனியில், லைனில் சக்கரம் மாட்டும் இடத்தில், அவர்கள் பாஷையில் ஸ்டேஷனில், நின்றான். ஒரு சக்கரத்தின் நட்டுகள் எல்லாவற்றையும் மெஷின் ஒரே சமயத்தில் இறுக்கும். இறுகியதும் பச்சை விளக்கு எரியும். இவன் ஒவ்வொன்றிலும் கோடு போடுவான். வண்டி நகரும், அடுத்த வண்டி வரும். "அடுத்தவன் கோட்ட நாம போடக் கூடாது யக்கா. அதான் அங்க மொதச் சட்டம். கை தப்பா இறுக்கிட்டாக்கூட மன்னிப்பாவ. அடுத்தவன் கோட்டப் போட்டா வீட்டுக்குப் போன்னுருவாவ." கான்ட்ராக்ட் முடிந்ததும் கம்பெனி பலரோடு இவனையும் அனுப்பியது. அதன்பின் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அங்கே வலது கையின் நடு மூன்று விரல்களும் போயின.

மருத்துவமனையிலிருந்து வந்தவனை அதே கம்பெனி ஸ்டோரில் உட்கார வைத்தது. உள்ளே போகிறவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுப்பது வேலை. இதைச் சொன்னபோது அவன் குரலில் எரிச்சல் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னான். கை மட்டும் பைக்குள் போனது போனதுதான். கடையில் சாமான் வாங்குவது, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்வது, கோவிலில் விபூதி வாங்குவது எல்லாம் இடது கை. விபூதியை இடது கையில் வாங்குகிறானே என்று பூசாரி முறைத்தபோதும் அந்தக் கை வெளியே வரவில்லை. சாப்பாட்டை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவான். பொங்கலுக்கு வாழையிலை போட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டான்.

மாடியில் அவனோடு இன்னும் இரண்டு பேர். உச்சிமாகாளி அவன் பக்கத்து ஊர்க்காரன், இன்ஜின் உதிரிபாகம் செய்கிற இடத்தில் வேலை. ஆள் உலக்கை மாதிரி இருப்பான், குரல் மட்டும் கிசுகிசுக்கும். ஹேமந்த் உள்ளூர்ப் பையன், கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப். வீட்டில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளி எங்கள் மாடிக்குக் குடிவந்தவன். கை போன பிறகு மணிகண்டபிரபு லீவு போட்டு மாடியை விட்டு இறங்காமல் கிடந்த நாட்களில் இவர்கள் இருவரும் மாறி மாறி ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவனோடு இருந்தார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. ஓவர்டைம் இல்லை, மெஷின் ரிப்பேர், பவர் கட் என்று ஏதாவது காரணம் அளந்தார்கள்.

லாரி விஷயத்தை ஆரம்பித்தது உச்சிமாகாளி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை இருக்கிறது. கோழி வளர்ப்பை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதற்குள் ஒரு ராணுவ லாரி நின்றது. என் கொழுந்தனார் ஏலத்தில் எடுத்து வந்தது. போர்வெல் போடுகிற வண்டியாக மாற்றப் போகிறேன் என்றார், பிறகு திருப்பூருக்குப் போய்விட்டார். கோழிகள் இருந்தவரை அதன் டிரைவர் சீட்டில்தான் முட்டையிட்டன. எச்சத்துக்குக் கீழே அது என்ன நிறம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. "காயலாங்கடக்காரன் வந்தா தூக்கிக் குடுத்துரலாம்" என்று கோபால் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வார்.

உச்சிமாகாளி என் சமையலறை வாசலில் வந்து நின்றான். "யக்கா, அந்த லாரிய நாங்க எடுத்துச் செய்யட்டா? நாங்க மூணு பேரும் கம்பெனில ஒரு முழு வண்டியச் செஞ்சதே இல்லக்கா. அவன் சக்கரம், நான் இன்ஜின்ல ஒரு துண்டு, இவன் பெயிண்டு." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினான். "மணிய எப்படியாவது கீழ எறக்கணும்க்கா."

இறங்கினான். முதல் வாரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். இவர்கள் வேண்டுமென்றே ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. "அங்கன வைக்காதல, சேஸிஸ் வளைஞ்சிரும்" என்று ஒரு சத்தம் கேட்டது. மாடிக்கு வந்தபின் அவன் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதேயில்லை. "சக்கரம் என் ஸ்டேஷன். யாரும் தொடக் கூடாது" என்றான். மற்ற இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிறுகளும் லீவு நாட்களும் கொட்டகையில் கழிந்தன. உச்சிமாகாளி இன்ஜினைப் பிரித்து என் பழைய புடவைகளின் மேல் பரப்பினான். ஹேமந்த் கோழி எச்சத்தைச் சுரண்டச் சுரண்ட உள்ளே இருந்து பச்சை வந்தது. மணிகண்டபிரபு சக்கரங்களோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பேனரில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகிக்கொள்வான். இடது கையால் பிடிப்பான், வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைக் குழாயின் மேல் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்குவான். கொட்டகைக்குள் மட்டும்தான் அந்தக் கை நாள் முழுக்க வெளியே இருந்தது.

ஒரு நாள் மற்ற இருவரும் ஷிப்டில் இருந்தபோது டீ கொண்டுபோனேன். இடது பக்க முன்சக்கரத்தின் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வலது பக்கத்து நட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன, இடது பக்கத்தில் ஒன்றுகூட அசையவில்லை. காலையிலிருந்து பாரம் போட்டுப் பார்த்திருக்கிறான். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. "கை போச்சுக்கா. நான் இனி எதுக்கும் லாயக்கில்ல" என்றான். டீயை வைத்துவிட்டு, அழுகிறவனைப் பார்க்கக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவனே வந்தான். முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்து கிடந்தன. போல்ட்டின் முனையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது துருவுக்கு அடியில் எல் என்ற இங்கிலீஷ் எழுத்து தெரிந்ததாம், லெஃப்ட் என்பதற்கு. அந்தக் காலத்து லாரியில் இடது பக்கச் சக்கரத்துக்கு மறை, அதாவது போல்ட்டின் திருகு வரி, எதிர்த்திசையில் ஓடும். எல்லா இடத்திலும் கழற்றுகிற திசை அங்கே இறுக்குகிற திசை. இவன் காலை முழுக்க நட்டைக் கழற்றுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வேலை பார்த்த லைனில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. தெரிந்தபின் திசை மாற்றிப் பாரத்தை வைத்ததும் கழன்று வந்திருக்கிறது.

"பயலுவகிட்ட சொல்லிராதீயக்கா" என்றான்.

"ஏம்பா, தெரிஞ்சா இன்னா? சிரிச்சிட்டுப் போறானுங்க."

"சிரிக்க மாட்டானுவக்கா. அதான் கஷ்டம். பாவம்னு பாப்பானுவ."

நான் சொல்லவில்லை.

லாரி கிளம்பும் நிலைக்கு வந்தபோது ஆனி முடியும் சமயம். சக்கரங்களை மாட்டி, அந்தந்தப் பக்கத்துக்கு உண்டான திசையில் இறுக்கி முடித்தான். ஹேமந்த் நட்டு, போல்ட் எல்லாவற்றின் மேலும் பச்சை அடித்தான். எல் என்ற எழுத்தும் அதற்கடியில் போனது. பெயிண்ட் காய்ந்ததும் மணிகண்டபிரபு ஒவ்வொரு நட்டிலும் தன் சாய்ந்த மஞ்சள் கோட்டைப் போட்டான். இன்ஜின் முதல் தடவை உறுமியபோது கொட்டகைத் தகரம் அதிர்ந்து மேலிருந்து தூசியும் பழைய கோழி இறகும் கொட்டின. மூன்று பேரும் அந்த இறகு மழைக்குள் நின்று ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். கோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்காமல் கோவில் கமிட்டியில் போய், ஆடி மாதம் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மன் இந்த வருஷம் டிராக்டரில் வர வேண்டாம், எங்கள் ராணுவ லாரியில் வரட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தார் ரோட்டுக்குப் போகாமல் ஊர்த் தெருவுக்குள் ஒரு சுற்று.

அந்த ஞாயிறு காலை லாரியின் நெற்றியில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். பம்பைச் சத்தம் கோவில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் யாரும் கூப்பிடாமலே பின்பக்கம் ஏறி, பக்கப் பலகையைத் தட்டிக் கூத்தடித்தார்கள். ஹேமந்த் டிரைவர் சீட்டில் இருந்தான். உச்சிமாகாளி முன்னால் நின்று கை காட்ட வேண்டும். கொட்டகை வாசல் குறுகல், இரண்டு பக்கமும் சாண் அகலம்தான் மிச்சம்.

மணிகண்டபிரபு வழக்கம்போலக் கடைசியாக ஒருமுறை குனிந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டான். நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தேன். எட்டிப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் இருந்தன. எதுவும் உடையவில்லை.

அவன் விரலால் ஒரு கோட்டைத் தொட்டான். "இது என் கோடு இல்ல."

அப்போதுதான் எனக்கும் கண்ணில் பட்டது. இடது பக்கத்துக் கோடுகள் ஒன்றுகூடச் சாயவில்லை. நேராக, அழகாக, பெயிண்ட் ஷாப்காரன் கை போட்டது போல இருந்தன. சுற்றிலும் பெயிண்டை அழிக்கிற தின்னர் வைத்துத் துடைத்த மங்கல்.

ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் மாட்டினான். இறுக்குகிற திசையில் இடது கையால் லேசாகத் தள்ளினான். நட்டு எந்த மறுப்பும் இல்லாமல் சுற்றியது. அடுத்ததும் அப்படியே.

"பிள்ளைகள எறக்குங்க" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. நான் குடத்தை வைத்துவிட்டு ஓடிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

ஹேமந்த் இறங்கி வந்தான். உச்சிமாகாளியும் வந்தான். யார் செய்தது என்று மணிகண்டபிரபு கேட்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடி இருவரையும் பார்த்தான், அவ்வளவுதான்.

"நான்தாம்ல" என்றான் உச்சிமாகாளி. "நீ ஸ்டோருக்குப் போயிருந்த அன்னைக்கு. சும்மா ஒரு தள்ளு தள்ளிப் பாக்கலாம்னு... வலது பக்கம் ஒண்ணும் அசையலல. கல்லு மாதிரி இருந்துச்சு. இடது பக்கம் எல்லாமே அசைஞ்சுச்சு. இந்தப் பக்கம் ஒனக்குக் கை பத்தலன்னு நெனச்சேன். ஒரு கால்வாசிச் சுத்து தள்ளிட்டு விட்டுட்டேன், பழைய போல்டு முறிஞ்சிருமோன்னு பயம்."

"கோட்ட நான் போட்டேன் மச்சான்" என்றான் ஹேமந்த். "உனுக்குத் தெரிஞ்சா நீ மனசு உடைஞ்சிருவியோன்னு. வேற ஒண்ணும் இல்ல."

மணிகண்டபிரபு போல்ட் முனையின் பச்சையைச் சாவியால் சுரண்டினான். எழுத்து தெரிந்தது. எந்தத் திசையில் இறுகும், எந்தத் திசையில் கழலும் என்று ஒரே ஒருமுறை ஸ்பேனரை வைத்துக் காட்டினான். உச்சிமாகாளி தலையில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். கோழிப்பண்ணை வாசலுக்கு வெளியே ஊர் கூடி நின்றது.

"இது எனக்கு முன்னமே தெரியும்" என்றான் மணிகண்டபிரபு. "நானும் ஒரு நா முழுக்கத் தப்பாத்தான் திருவுனேன். அழுதேன். உங்ககிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க இதத் தொட்டிருக்க மாட்டிய." இரும்புக் குழாயைக் கையில் எடுத்தான். "நானும் ஒளிச்சேன். நீங்களும் ஒளிச்சிய. வண்டில புள்ளைய இருந்துச்சு."

பிறகு வேலையைத் தொடங்கினான். குழாயைச் செருகி, வலது உள்ளங்கையை மேலே வைத்து, உடம்பை இறக்கினான். முதல் நட்டு இறுகி நின்றதும் எழுந்து தள்ளி நின்றான்.

"தள்ளுல" என்றான் உச்சிமாகாளியிடம்.

"வேண்டாம்ல மணி."

"எனக்குத் தெரியாம தள்ளுனேல்லா. இப்ப என் கண்ணு முன்னால தள்ளு. இறுக்குத பக்கமா, முழுப் பலத்தோட."

உச்சிமாகாளி எழுந்து குழாயைப் பிடித்தான். அந்த உலக்கை உடம்பின் பாரம் முழுவதும் இறங்குவது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நட்டு அசையவில்லை. மணிகண்டபிரபு அடுத்த நட்டுக்கு நகர்ந்தான். அவன் இறுக்க, இவன் தள்ள, முன்சக்கரம் முடிந்து பின்சக்கரம் வந்தது. ஒன்றுகூட அசையவில்லை. நடுவில் எப்போதோ உச்சிமாகாளியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது, அதைத் துடைக்காமலே தள்ளிக்கொண்டிருந்தான். ஹேமந்த் தின்னர் துணியால் தான் போட்ட அழகான கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

எல்லாம் முடிந்ததும் மணிகண்டபிரபு பேனா மூடியைப் பல்லால் கழற்றி, காதோரம் குலுக்கி, சாய்ந்த கோடுகளைப் போட்டான். பம்பை வாசலுக்கே வந்துவிட்டது. கமிட்டித் தலைவர் கோபாலை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹேமந்த் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை காட்ட முன்பக்கம் நடந்தான்.

"நீ மேல ஏறு" என்றான் மணிகண்டபிரபு. "நான் காட்டுதேன்."

வாசலுக்குப் போய், ஊருக்கு முதுகைக் காட்டி, லாரிக்கு எதிரே நின்றான். இன்ஜின் உறுமியது. பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தான். தலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற உயரத்துக்கு அதைத் தூக்கி, கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிய, வா வா என்று அசைத்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தான். ஹேமந்த் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு க்ளட்சை விட்டான்.